குடிநோயாளிக்கு ஜமாஅத் ஆற்ற வேண்டிய கடமை

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

     

இவ்வாண்டுப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளாக ஒரு தீர்மானம் வைக்கப்பட்டுள்ளது. மதரஸாவுக்குப் பின்புறம் வெற்றிடமாகக் கிடக்கும் ஜமாஅத் மனையில், போதைக்கு அடிமையான பெரியவர்களுக்கு மறுவாழ்வு இல்லம் ஒன்றைக் கட்டுவது என்பதே அது. அதே மனையில் கல்யாண மண்டபம் எழுப்பினால் வருமானமாவது வரும் என்று சில சகோதரர்கள் கருதுகின்றனர். பள்ளிவாசல் பணத்தைக் குடிகாரனுக்காகச் செலவிடுவது ஆகுமா என்று ஒரு பெரியவர் நம்மிடம் நேரிலேயே கேட்டார். மார்க்கத் தீர்ப்பு என்னவென்று இமாம் சொல்லட்டும் எனச் செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்துள்ளார்கள். தீர்ப்பைச் சொல்லுமுன் நாம் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. அதைச் சொல்லாமல் இப்பொருளைப் பற்றிப் பேச நமக்குத் தகுதியில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஓதி முடித்து வந்த புதிதில், வேறோர் ஊரில் நாம் இமாமாகப் பணியாற்றினோம். அம்மஹல்லாவில் மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதிவந்த ஒருவர் இருந்தார். இனிய குரல் வாய்ந்தவர். சிறுவயதில் முஅத்தின் வராத நாட்களில் அவரே பாங்கு சொல்வார் எனப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர் குடியில் வீழ்ந்திருந்தார். அவருடைய மனைவி தம் தமையனாரை அழைத்துக்கொண்டு நம்மிடம் முறையிட வந்தார். நாம் அவரை வரவழைத்து, குர்ஆன் மீது கைவைத்துச் சத்தியம் வாங்கினோம். பதினைந்து நாட்கள்கூட அது நிலைக்கவில்லை. நமக்குக் கோபம் வந்தது. அடுத்த ஜும்ஆவில் பெயரைச் சொல்லாமல், ஆனால் யாரைச் சொல்கின்றோம் என்று அனைவருக்கும் விளங்கும் வண்ணம் பேசினோம். அத்தோடு அவர் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பின்னர் அவருடைய அண்ணன் யோசனை கேட்டபோது, மாடி அறையில் நான்கு நாட்கள் பூட்டிவைத்தால் தானே தெளிந்துவிடும் என்று நாமே சொன்னோம். அண்ணனும் அன்பினாலேயே அவ்வாறு செய்தார். வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தார். மூன்றாம் நாள் இரவு அவர் சுவரில் எறும்புகள் ஊர்வதாகக் கத்தினார். தம் பிள்ளைகளையே யாரென்று கேட்டார். வலிப்பு கண்டது. ஃபஜ்ருக்கு முன்பாக, மருத்துவமனை செல்லும் வழியில், ஆட்டோவிலேயே மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். இத்தா இருந்த அவருடைய மனைவி, திரைக்கு அப்பாலிருந்து நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டனுப்பினார்: "ஹஜ்ரத், அவர் மௌத்தானது குடித்ததாலா, குடியை விட்டதாலா?"

அன்று நம்மிடம் பதிலில்லை. சில ஆண்டுகள் கழித்து, மனநல மருத்துவர் ஒருவரிடம் வேறொருவருக்காகச் சென்றபோதுதான் அதற்குரிய பதிலை அறிந்தோம். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுசெய்வதற்காக எந்நேரமும் மிகைவேகத்தில் இயங்கப் பழகியிருக்கின்றது. மது திடீரென நின்றவுடன் அவ்வேகத்தைத் தடுக்க ஏதுமில்லை. கைநடுக்கமும் வியர்வையும் முதலில் தோன்றும். கடைசியாகக் குடித்ததிலிருந்து ஓரிரு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதவற்றைக் காண்பதும், ஆளடையாளம் தெரியாமற்போவதும், காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்து வந்தால் அது உயிரையே பறிக்கக்கூடும். குடிப்பவர் எல்லோருக்கும் இந்நிலை வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்பதை வீட்டார் கணிக்க இயலாது. மருத்துவர் கண்காணிப்பில் சில நாட்கள் உரிய மாத்திரைகளும், தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் இக்கட்டத்தை நலமாகக் கடந்துவிடுகின்றனர். அவருக்கு மருத்துவமனை தேவைப்பட்ட அதே நாட்களில்தான் நாம் அறையைப் பூட்டச் சொன்னோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 'இல்லம்' கட்டுவோம் என்று தீர்மானம் கொண்டுவந்த சகோதரர்களில் சிலரிடம் அங்கே என்ன நடக்கும் என்று விசாரித்தோம். "கதவைப் பூட்டி நாற்பது நாள் வைத்து, ஐந்து வேளையும் தொழவைத்து அனுப்புவோம்" என்றனர். அவர்களின் நல்ல எண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் பூட்டை நம்பிக் கட்டப்படும் எந்த இல்லத்திற்கும் நாம் துஆச் செய்ய வரமாட்டோம்.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், தனியார் நடத்திய காப்பகமொன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். துஆவை நாடி அழைத்துவரப்பட்டவர்கள் சங்கிலியோடு எரிந்த அச்செய்தி நாடெங்கும் உலுக்கியது. அதன் பின்னரே இத்தகைய காப்பகங்கள் நாடெங்கும் ஆராயப்பட்டன. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்கின்றது. மதுவினாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் அச்சட்டம் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆகவே நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சையளிக்கும் எந்த இல்லமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்றாக வேண்டும். நான்கு சுவரும் ஒரு பெயர்ப்பலகையும் இருந்தால் போதும் என நினைத்தால், நல்ல எண்ணத்தோடே நாம் குற்றவாளிகளாகிவிடுவோம்.

மருத்துவமும் துஆவும் ஒன்றோடொன்று பகையல்ல. குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் மனநல மருத்துவர்கள் வளாகத்துக்குள்ளேயே அமர்ந்து நோயாளிகளைப் பார்த்துவருகின்றனர். தர்காவின் முஜாவர்களே வந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் முறை அங்கே ஏற்பட்டது. துஆவுக்காக வந்தவர் துஆவையும் பெறுகின்றார், மாத்திரையையும் பெற்றுச் செல்கின்றார்.

இனி, மார்க்கத் தீர்ப்பைக் கேட்ட பெரியவருக்கு வருவோம். மது ஹராம் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் அத்தடை எப்படி வந்தது? ஒரே நாளில் வரவில்லை. முதலில் அதன் பயனைவிடக் கேடு பெரிது என்று உணர்த்தப்பட்டது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது. இறுதியில் மாயிதா சூராவின் 90-ஆம் வசனத்தில் முற்றிலும் விலக்கப்பட்டது. ஒரு சமுதாயமே குடியிலிருந்து மீள்வதற்குக் காலம் கொடுக்கப்பட்டது என்பதை நாம் நம் குடும்பத்தாரிடம் மறந்துவிடுகின்றோம். அவ்வசனத்திற்கு நேர் முந்திய 89-ஆம் வசனம் சத்தியத்தை முறித்தோருக்குரிய பரிகாரத்தைப் பேசுகின்றது. குடிநோயாளிகளிடம் சத்தியம் வாங்கிவாங்கி அவர்கள் தலையில் இன்னொரு பாவத்தையும் ஏற்றிய நமக்கு, இவ்விரு வசனங்களும் அடுத்தடுத்து நிற்பது தனிப்பட்ட முறையில் படிப்பினையாயிற்று. இப்போதெல்லாம் நாம் யாரிடமும் சத்தியம் வாங்குவதில்லை.

மதுவை மருந்துக்காகத் தயாரிப்பதாகச் சொன்ன ஒருவருக்கு, அது மருந்தன்று, நோயேயாகும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. குடித்ததற்காகத் திரும்பத்திரும்பத் தண்டனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரின் செய்தி புகாரியில் உள்ளது. அவர் அண்ணலாரைச் சிரிக்கவைப்பவர். கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் எனக் கூறி, சபிக்க வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை நீங்கவில்லை; ஆனால் அவர் ஜமாஅத்தை விட்டு வெளியேற்றப்படவுமில்லை. ஷாம் நாட்டில் குடியில் மூழ்கிவிட்ட ஒரு வீரரைப் பற்றிக் கேள்வியுற்ற உமர் (ரலி) அவர்கள், அவருக்குக் கடிதம் எழுதியதையும், அவருக்காகத் துஆச் செய்யுமாறு தம்மைச் சூழ்ந்திருந்தோரிடம் சொன்னதையும், அக்கடிதத்தைப் படித்துப்படித்து அழுது அவர் மீண்டதையும் தஃப்ஸீர் நூல்களில் காண்கின்றோம். சறுக்கிய சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாளர் ஆகாதீர்கள் என்னும் கருத்தையே உமர் அவர்கள் வலியுறுத்தினார்கள். நாம் அன்று மிம்பரில் நின்று செய்தது இதற்கு நேர்மாறானது.

ஆகவே, குடிநோயாளிக்காக ஜமாஅத் செலவிடுவது ஆகும் என்பது மட்டுமன்று, செய்யாமலிருப்பதே நம்மைக் கேள்விக்குள்ளாக்கும்.

நம் ஊரின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. லாரன்ஸ் ரோட்டில் இஷாவுக்குப் பின் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை விற்பனையை நடத்தத் தொடங்கியது 2003-ஆம் ஆண்டில். அதற்கும் முன்பிருந்தே நமக்கு ஆல்பேட்டை சோதனைச் சாவடிக்கு அப்பால் புதுவை எல்லை இருக்கின்றது. அங்கே மலிவாகக் கிடைக்கும் என்று இரு சக்கர வாகனத்தில் போய்வருவோரை யாவரும் அறிவோம். பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் பகுதிகளாக நம்மோடு இணைந்திருந்த ஊர்களிலேயே, 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மக்கள் மாண்டனர். கள்ளக்குறிச்சி நிகழ்வில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் அன்றாடம் உழைத்துக் குடும்பம் காத்த கூலித் தொழிலாளர்கள். இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்து, "நம் ஆட்களில் யாருமில்லை" என்று ஆறுதலடைந்தோரும் நம்மிடையே உண்டு. அவ்வாறுதல் உண்மையானதன்று. நிக்காஹ் தஃப்தரும் தலாக் விவகாரங்களும் நம் கையில் வருகின்றபடியால், எந்தெந்த வீட்டில் என்ன நடக்கின்றதென்பதை நாம் ஓரளவு அறிவோம். அதற்கு மேல் இங்கே சொல்வதற்கில்லை.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானோரில் ஏறத்தாழ 38 பேருக்கு ஒருவரே ஏதேனுமொரு சிகிச்சை பெறுவதாகவும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர் 180 பேருக்கு ஒருவரே என்றும் கூறுகின்றது. எஞ்சிய 37 பேர் எங்கே? வீட்டில் இருக்கின்றனர். வெட்கத்தினால் இருக்கின்றனர். பெண்ணுக்கு வரன் வராதே என்று குடும்பத்தாரே மறைத்துவைத்திருக்கின்றனர். இதற்கு மருந்து எந்த மருத்துவமனையிலும் இல்லை; நம்மிடம்தான் இருக்கின்றது.

இதை நன்கு விளங்கிக்கொண்ட ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சென்னையின் புகழ்பெற்ற டி.டி.கே. குடும்பத்து மருமகளான சாந்தி ரங்கநாதன் அம்மையாரின் கணவர் குடிநோயினால் இளவயதிலேயே காலமானார். செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு; ஆயினும் அந்நாளில் தமிழகத்தில் இந்நோய்க்கென்று போய்ச் சேரத்தக்க இடமில்லை. அவ்வம்மையார் 1980-இல் கணவரின் பெயரால் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். சென்னையில் அது நடத்தும் டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளி ஏறத்தாழ ஒரு மாதம் தங்குகின்றார். முதல் சில நாட்கள் உடலிலிருந்து மதுவை நீக்கும் மருத்துவம். எஞ்சிய நாட்கள் ஆலோசனை, குழுவாக அமர்ந்து பேசுதல். மனைவியோ தாயோ வந்து தங்களுக்குரிய ஆலோசனையைப் பெறுவதும் அச்சிகிச்சையின் ஒரு பகுதியாகும். 1992-இல் பத்மஸ்ரீ விருதும், 1999-இல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவ்வம்மையாருக்கு வழங்கப்பட்டன.

நமக்கு இங்கே பயன்படுவது சென்னை மருத்துவமனையைவிட, அவர்கள் 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்திலிருந்த மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் தொடங்கிய முகாமேயாகும். குடவாசலை அடுத்துள்ள அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கின்றது. கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒரு மாத ஊதியத்தை இழந்து சென்னை வந்து தங்க இயலாது. எனவே மருத்துவமனையே கிராமத்துக்குச் சென்றது. ஊர்ப் பொது இடத்தில் பாய் விரித்து, சுமார் பதினைந்து நாட்கள் நோயாளிகளைத் தங்கவைத்தனர். மருத்துவரும் செவிலியரும் ஆலோசகர்களும் சென்னையிலிருந்து வந்தனர். இடம், உணவு, அன்றாட உதவிகள் ஆகியவற்றை உள்ளூரார் ஏற்றனர். யார் யாருக்குச் சிகிச்சை தேவை என்று அடையாளங்கண்டு அழைத்துவந்ததும் உள்ளூராரே. முகாம் முடிந்தபின் மாதந்தோறும் தொடர்ந்து பார்த்தனர். முகாமிலிருந்து தெளிந்து திரும்பிய ஒருவரை ஊரார் கண்ணால் கண்டபின், அடுத்த முகாமுக்கு ஆட்கள் தாமே வந்தனர்.

சகோதரர்களே! இதில் எது மருத்துவமனையின் வேலை, எது ஊரின் வேலை என்று பிரித்துப் பாருங்கள். மருந்து கொடுப்பது, வலிப்பு வராமல் காப்பது, ஆலோசனை வழங்குவது ஆகியவை படித்துத் தேர்ந்தவர்களின் வேலை. அதை நாம் செய்யப் புகுந்தால் நாம் முன்னர் செய்ததே மீண்டும் நடக்கும். அழைத்துவருவது, உடனிருப்பது, வீட்டில் அரிசி இருக்கின்றதா என்று பார்ப்பது, திரும்பி வந்தபின் வேலைக்கு வழிசெய்வது, மீண்டும் சறுக்கினால் மீண்டும் அழைத்துச் செல்வது ஆகியவை ஊரின் வேலை. அதை எந்த மருத்துவரும் செய்துதர இயலாது. நம் ஜமாஅத்துக்கு முதலில் கட்டடம் தேவையில்லை என்று நாம் கருதுவது இதனாலேயே. சிகிச்சை பெற்றவர் மீண்டும் குடிப்பது பெரும்பாலும் தொடக்க மாதங்களில்தான். அம்மாதங்களில் அவர் இருப்பது மருத்துவமனைக் கட்டிலில் அன்று, நம் தெருவில்.

ஆகவே தீர்மானத்தில் ஒரு திருத்தத்தை நாம் முன்மொழிகின்றோம். முதல் ஆண்டில் கட்டடம் வேண்டாம். மதரஸாவின் கீழறை மாலை வேளைகளில் காலியாகவே உள்ளது. மாதம் இருமுறையாவது மனநல மருத்துவர் ஒருவர் அங்கு வந்து அமர ஏற்பாடு செய்வோம். தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவரை அரசு மருத்துவமனைக்கு நாமே அழைத்துச் செல்வோம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்டது. அங்கும் மனநலப் பிரிவு உள்ளது. தமிழக அரசு 'கலங்கரை' என்னும் பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கின்றது. நேரில் வரத் தயங்குவோர் வீட்டிலிருந்தே 14446 என்னும் தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்னும் மனநல உதவி எண்ணிலோ பேசலாம். அதற்குக் கட்டணமில்லை. இரண்டாம் ஆண்டில், அனுபவமுள்ள மருத்துவமனையொன்று இசைந்தால், மஞ்சக்குடியைப் போன்றதொரு முகாமை இங்கே நடத்தலாம். கட்டடம் அதன் பிறகு தானே தன் அளவைச் சொல்லும்.

கீழறையில் வாரம் ஒரு நாள், மீண்டுவந்தவர்களே கூடிப் பேசும் அமர்வு ஒன்றும் நடக்க வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கத்தின் முறை இதுவேயாகும். குடித்தவனுடைய பேச்சைக் குடித்து மீண்டவனே முழுமையாக விளங்கிக்கொள்கின்றான். நாம் மிம்பரிலிருந்து ஆயிரம் பேசினாலும் அவ்விடம் நமக்கு வாய்க்காது. அவ்வியக்கத்தின் வழிமுறைகளைப் பால்டிமோர் நகர முஸ்லிம்கள் 1989-இல் நம் மார்க்கத்துக்கு இசைவாக அமைத்து 'மில்லத்தி இஸ்லாமி' என்னும் பெயரில் நடத்திவருகின்றனர். அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும் என்பது முதல் விதி. அவ்வமர்வில் இமாம் உட்பட நிர்வாகிகள் எவரும் அழைக்கப்படாமல் நுழையக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுமாறு வேண்டுகின்றோம். மனைவியர், தாய்மார்களுக்கென்று தனி அமர்வும் வேண்டும். நகையை அடகுவைத்தது, அடி வாங்கியது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போனது ஆகியவற்றை அவர்கள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதை நடத்தும் பொறுப்பைப் பெண்களே ஏற்க வேண்டும்.

இரு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகின்றோம். "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரங்களை நம்பி நம் சகோதரிகள் சிலர் பணம் அனுப்பியிருப்பதை அறிந்தோம். அவற்றில் என்ன கலந்துள்ளது என்று யாருக்கும் தெரியாது. மதுவை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிராம் என்னும் மாத்திரை உண்மையிலேயே மருத்துவத்தில் உண்டு. ஆனால் அதை உட்கொண்டவர் குடித்தால் வாந்தியும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் அறியாமல் கொடுப்பது நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்று ரமளானைப் பற்றியது. ஆண்டு முழுவதும் குடிக்கும் நம் சகோதரர்களில் பலர் ரமளான் பிறை தென்பட்டவுடன் நிறுத்திவிடுகின்றனர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. முப்பது நாட்கள் விட முடிந்தவர் பெருநாளிரவில் மீண்டும் தொடங்குவதேன் என்று நாம் கடிந்துகொள்கின்றோம். முப்பது நாட்கள் அவரோடு ஸஃபில் நின்ற நாம் முப்பத்தோராம் நாள் எங்கிருந்தோம் என்று கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் மிகுதியாகக் குடித்துவந்தவர் முதல் நோன்பன்றே திடீரென நிறுத்தி, பகல் முழுதும் நீரும் அருந்தாமலிருப்பது அபாயமானது. அத்தகையோர் ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படி நிறுத்த வேண்டும். நோயின் காரணமாக நோன்பு விடுபட்டால் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடம் தருகின்றது. ஆகவே கீழறை ஏற்பாட்டை ஷஅபானுக்கு முன் தொடங்கிவிட வேண்டும் என்பது நம் விருப்பம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஸகாத்துக்கு உரியவரான ஏழை நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஸகாத்திலிருந்து நேரடியாகக் கொடுக்கலாம். கட்டடத்துக்கோ சம்பளத்துக்கோ ஸகாத்தைச் செலவிட வேண்டாம்; அவற்றுக்கு ஸதகா நிதி தனியே திரட்டப்படட்டும். கணக்கை ஆண்டுதோறும் இம்மலரிலேயே வெளியிட வேண்டும். நோயாளிகளின் பெயர்களை ஒருபோதும் வெளியிடக் கூடாது.

"நம் பிள்ளைகளுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?" என்றும் கேட்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் மாவட்டக் கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கரையோர மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்தனர். வந்தவர் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்று அன்று எவரும் கேட்கவில்லை. கீழறையின் கதவும் அவ்வாறே இருக்க வேண்டும். மற்ற சமயத்தவர் வருவதால் நம் சகோதரர்களின் கூச்சமும் குறையும் என்பது கூடுதல் நன்மை.

இறுதியாக, நம் ஜமாஅத்தின் பழைய பதிவேட்டில் ஒரு தீர்மானம் இன்னமும் இருக்கின்றது. குடிப்பவர் வீட்டு நிக்காஹைப் பதிவு செய்வதில்லை, அவ்வீட்டு விருந்தில் கலந்துகொள்வதில்லை என்பது அது. நல்ல நோக்கத்தில் முன்னோர் எழுதியது. ஆனால் அதனால் குடியை விட்டவர் ஒருவரையேனும் நாம் அறியோம்; தகப்பன் குடித்ததற்காகத் திருமணம் தடைப்பட்ட பெண் பிள்ளைகளை அறிவோம். அத்தீர்மானத்தை இன்றே நீக்க வேண்டுமென முன்மொழிகின்றோம். அது நடைமுறையில் இருக்கும்வரை, கீழறையைத் திறந்துவைத்தாலும் எவரும் வரமாட்டார்கள்.

இவ்வேலைக்கு ஆறு தன்னார்வத் தொண்டர்கள் தேவை. நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். இரகசியம் காக்கத் தெரிந்தவர்களாகவும், நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து வருபவர்களாகவும் இருக்க வேண்டும். விரும்புவோர் அஸருக்குப் பின் நம்மிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயரை நேற்றே ஒருவர் கொடுத்துவிட்டார். ஏழு ஆண்டுகளாகக் குடியை விட்டிருக்கும் நம் மஹல்லாவாசி அவர். தம் பெயரை இங்கே சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

திருத்திய தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் இப்போது வாசிப்பார்கள்.